வடசென்னைத் தொடக்கப் பள்ளியில் ஓவிய வகுப்பை நடத்துவது எப்படி?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றால், வகுப்பின் பெரும்பகுதியிடமிருந்து ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அதன் பக்கத்தில் ஒரு தென்னை. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வளரும் குழந்தைக்குச் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. மலை என்ற ஒன்றை அது பரங்கிமலையாகக்கூடப் பார்த்திருக்காது. ஓலைக் குடிசையைவிட ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மாடிப்படி அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த மலைகளே வருகின்றன. ஏனெனில் அது கண்ணால் பார்த்து வரைந்த படமன்று; ஏதோ ஒரு கரும்பலகையிலிருந்து தொடங்கி அண்ணன், அக்கா வழியாகக் கைமாறி வந்த படம்.

ஓவிய வகுப்பின் முதல் வேலை அழகாக வரையச் செய்வதன்று, பார்க்கச் செய்வது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளில் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம் கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியைக்காக இது எழுதப்படுகிறது. தனி ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் வகுப்பாசிரியையே இந்தப் பாடவேளையையும் எடுக்க வேண்டியிருக்கும். தமக்கு வரைய வராது என்று தயங்கும் வகுப்பாசிரியைகளும் இதைப் பின்பற்றலாம். கையில் திறமை மிகுந்தவர்கள் கரும்பலகையில் அழகாக வரைந்துகாட்டி, குழந்தைகளின் கையைக் கட்டிப்போட்டுவிடுவதும் உண்டு.

நேரத்தைப் பிரித்தல்

வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதாவது 40 அல்லது 45 நிமிடம் கிடைத்தால், தலைமையாசிரியரிடம் பேசி அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் இரட்டைப் பாடவேளையாக மாற்றிக்கொள்வது நல்லது. வண்ணமோ களிமண்ணோ எடுத்தால், பொருட்களைப் பரப்புவதற்குப் பத்து நிமிடமும் கழுவி அடுக்குவதற்குப் பத்து நிமிடமும் போய்விடும். மீதியுள்ள 20 நிமிடத்தில் எந்தக் குழந்தையும் ஒரு வேலைக்குள் முழுமையாக இறங்க முடியாது. முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் இந்த மாற்றம் தேவையில்லை. அந்த வயதில் ஒரே வேலையில் அரை மணி நேரம் உட்கார்வதே அரிது.

மதிய உணவுக்குப் பிந்தைய கடைசிப் பாடவேளையை ஓவியத்துக்கு ஒதுக்குவது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். ஆனால் வடசென்னையின் தகரக் கூரையோ தாழ்வான காங்கிரீட் கூரையோ கொண்ட அறைகளில் அந்நேரத்தின் வெக்கை பெரியவர்களையே சோர்த்துவிடும். நீர்வண்ணமும் தூரிகை தாளைத் தொட்ட மாத்திரத்தில் காய்ந்துவிடும். காலை வேளையைக் கேட்டுப் பார்க்கலாம். கணக்குப் பாடத்தை நகர்த்தச் சொல்வது எளிதன்று என்பதால், எல்லா வகுப்புகளுக்கும் கேட்காமல் ஒரு வகுப்புக்கு மட்டும் கேட்டுத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்தைந்து பேராக எட்டுக் குழுக்கள் போதும். குழுவுக்கு ஒருவர் பொருள் எடுப்பவர், ஒருவர் தண்ணீர் பார்ப்பவர் என்று வாரந்தோறும் பொறுப்பை மாற்றிக்கொடுக்க வேண்டும். பெஞ்சு இல்லாத அறையாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. தரையில் செய்தித்தாள் விரித்து, சுற்றி உட்கார்ந்து செய்வது சிறு குழந்தைகளுக்குப் பெஞ்சைவிட வசதியானது; தண்ணீர்க் குவளை சரிந்தாலும் அடுத்தவர் புத்தகப்பை நனையாது.

பொருட்கள்

வண்ணப் பெட்டியில் எத்தனை நிறம் இருக்கிறது என்பதைக் குழந்தைகள் ஒரு கௌரவமாகவே கருதுவார்கள். 24 நிறப் பெட்டி வைத்திருப்பவரும் உடைந்த நான்கு துண்டுகள் வைத்திருப்பவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் வகுப்பில், வரைதலைவிட அந்த ஏற்றத்தாழ்வுதான் அதிகம் பேசும். ஆகவே, வீட்டிலிருந்து வண்ணம் கொண்டுவரச் சொல்லாமல், எல்லாவற்றையும் பள்ளியிலேயே பொதுவாக வைப்பதே முறை. வாங்க வேண்டியவையும் அதிகமில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து போஸ்டர் வண்ணங்கள் பெரிய புட்டிகளில். குழுவுக்கு ஒரு பெட்டி மெழுகு வண்ணக் குச்சிகள். 4, 8, 12 எண் கொண்ட வட்டத் தூரிகைகள். பச்சை, ஆரஞ்சு, ஊதா ஆகியவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது. மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை வருவதைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்த குழந்தை, அடுத்த முறை வேப்பிலைக்கு ஒரு பச்சையும் வாழை இலைக்கு வேறொரு பச்சையும் தானே கலக்கும்.

தாள் வாங்கப் பாரிமுனைக்கு அருகிலுள்ள ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம். திருமண அழைப்பிதழ்களுக்கும் காகிதத்துக்கும் பெயர்போன அந்தத் தெருவில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வெட்டி மீந்த அட்டைத் துண்டுகளைக் கேட்டால் சில கடைகளில் எடைக்குத் தருவார்கள். ஒட்டுப்படங்களுக்கு அவை மிகவும் ஏற்றவை. நகல் எடுக்கும் சாதாரண ஏ4 தாள் பென்சிலுக்குப் போதுமே தவிர, நீர்வண்ணத்துக்குத் தாங்காது, சுருண்டுவிடும். 120 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத தாள் வேண்டும். அதற்கு வழியில்லாதபோது பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தைப் பயன்படுத்தலாம். தை மாதத்தில் ஒரு சொல் சொல்லிவைத்தால், முந்தைய ஆண்டின் காலண்டர்கள் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்து குவியும்.

வண்ணக் கிண்ணங்களாகக் கொட்டாங்குச்சியும் முட்டை அட்டையும் போதும். களிமண்ணுக்குப் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டை இருக்கிறது. விநாயகர் சிலைகளும் கொலு பொம்மைகளும் செய்யும் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே பிசைந்து பக்குவப்படுத்திய மண்ணாகவே கேட்டு வாங்கி, ஈரத் துணி சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் பல வாரங்கள் கெடாது. வேலை முடிந்ததும் மண் ஒட்டிய கைகளைக் குழாயடியில் கழுவ விடக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் முதல் கழுவலை முடித்துவிட்டு, மண் அடியில் படிந்த பிறகு மேல்நீரைச் செடிக்கு ஊற்றலாம். இல்லாவிட்டால் பள்ளியின் வடிகால் அடைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு களிமண் வேலைக்கே தடை வந்துவிடும்.

பசைக்கு, ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் போதும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, குழந்தைகள் புழங்கும் பசையில் அதை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. துத்தம் இல்லாத பசை ஓரிரு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். இதேபோல, வீட்டுக்கு அடித்து மீந்த எனாமல் பெயிண்ட்டை யாரேனும் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்தால் அன்போடு மறுத்துவிட வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தின்னர் எந்த வடிவிலும் வகுப்பறைக்குள் வரக்கூடாது.

கடையில் வாங்காத வண்ணங்களும் உண்டு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காய்ந்த பின், ஆப்பச் சோடா கரைத்த நீரைத் தூரிகையால் தொட்டு அதன்மேல் கோடு இழுத்தால், கோடு போன இடமெல்லாம் செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வினைதான் இது. ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் வகுப்பில் ஆப்பச் சோடாவே போதும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் சிவந்த இடம் மீண்டும் மஞ்சளாகும். வேலியோரச் சங்குப்பூவைக் கசக்கி எடுத்த நீலச்சாறு எலுமிச்சை பட்டதும் இளஞ்சிவப்பாகும். மூன்றாம் வகுப்புக்கு இந்த ஒரு பாடம் போதும், ஒரு மாதத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். மஞ்சள் நிறம் வெயிலில் விரைவாக மங்கிவிடும் என்பதை முன்பே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஜன்னலோரம் மாட்டிய படத்தை யாரோ கெடுத்துவிட்டதாகப் புகார் வரும்.

வயதுக்கேற்ற எதிர்பார்ப்பு

முதலாம் வகுப்புக் குழந்தை வரையும் மனிதனுக்குத் தலை பெரிதாகவும், கைகள் சில நேரம் தலையிலிருந்தே கிளம்புவதாகவும் இருக்கும். அம்மா அப்பாவைவிட உயரமாக இருப்பார்; பேருந்தின் சுவர் கண்ணாடிபோலத் தெரிந்து உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள்கூடத் தெரியும். இவை பிழைகளல்ல. குழந்தை தன் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்கு முக்கியமாகத் தெரிவதையே வரைகிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடும் மேலே வானத்துக்கு ஒரு பட்டையும் வந்துவிடும். இடையில் இருப்பது வெற்றிடம். வானம் தரை வரைக்கும் வருகிறது என்று இந்த வயதில் வாதிட்டுப் பயனில்லை.

உண்மையான சிக்கல் நான்காம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஒன்பது, பத்து வயதில் குழந்தை தன் படத்தையும் உண்மைப் பொருளையும் ஒப்பிடத் தொடங்கி, "எனக்கு வராது மிஸ்" என்று தாளைக் கவிழ்த்து வைக்கிறது. கைப்பழக்கம் தேவைப்படும் காலம் இதுவே. ஒன்றன்பின் ஒன்று மறைந்து நிற்பதை எப்படி வரைவது, தொலைவில் உள்ளது ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்ற கேள்விகளுக்கு இந்த வயதில் விடை சொல்லித்தர வேண்டும். முதலாம் வகுப்புக்கு இவற்றைச் சொல்லித்தருவது எவ்வளவு வீணோ, ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லித்தராமல் விடுவதும் அவ்வளவு தவறு.

அழி ரப்பரைப் பற்றி ஒரு சொல். முதல் இருபது நிமிடத்துக்கு எல்லா ரப்பர்களையும் ஒரு டப்பாவில் வாங்கி வைத்துவிடலாம். கோடு தவறினால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடச் சொல்ல வேண்டும். அழிப்பதிலேயே பாடவேளையைக் கழிக்கும் குழந்தைகள் வகுப்பில் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இலையைப் பழுப்பாகவும் மண்ணைப் பச்சையாகவும் தொடர்ந்து தீட்டும் குழந்தை இருந்தால் கண்டிக்கும் முன் யோசிக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறிவதில் உள்ள பிறவிக் குறைபாடு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதி. அது முதலில் வெளிப்படும் இடங்களுள் ஓவிய வகுப்பும் ஒன்று. பெற்றோரிடம் தனியாகச் சொல்லிக் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். எல்லா வண்ணக் குச்சிகளிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால், அந்தக் குழந்தை யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியிராது. மற்றவர்களும் நிறப்பெயர்களைப் படித்துப் பழகுவார்கள்.

ஒரு பாடம் எப்படி நடக்கும்: சங்கரா மீன்

நான்காம் வகுப்புக்கான இரட்டைப் பாடவேளை ஒன்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். காலையில் காசிமேட்டில் நடுத்தர அளவுள்ள சங்கரா மீன்கள் எட்டு வாங்கி, கழுவி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் கொண்டுவர வேண்டும். குழுவுக்கு ஒரு மீன், எவர்சில்வர் தட்டில். சௌகார்பேட்டையை ஒட்டிய பள்ளிகளில் சைவ உணவுப் பழக்கமுள்ள வீட்டுக் குழந்தைகள் பலர் இருப்பார்கள். அங்கே மீனுக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைக்காயோ முருங்கைக்காய்க் கட்டோ வைத்து இதே பாடத்தை எடுக்கலாம். சில முஸ்லிம் குடும்பங்களில் உயிருள்ளவற்றை வரைவதில் தயக்கம் உண்டு. அந்தக் குழந்தையைத் தனித்துக் காட்டாமல், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வலையின் கண்ணிகளையோ சிப்பியின் வரிகளையோ வரையும் வேலையையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் பென்சிலே கிடையாது. பார்ப்பது மட்டும்தான். ஆசிரியை கேள்விகளை மட்டும் கேட்பார். முதுகு வளைவு எந்த இடத்தில் மிக உயரமாக இருக்கிறது? கண் வாய்க்கு நேராக இருக்கிறதா, அதைவிட மேலேயா? முதுகுத் துடுப்பின் முள்கள் எல்லாம் ஒரே உயரமா? உடம்பு எந்த இடத்தில் மிகவும் ஒடுங்கி, அங்கிருந்து வால் பிரிகிறது? செதில்கள் தலையைப் பார்த்து அடுக்கியிருக்கின்றனவா, வாலைப் பார்த்தா? இந்தப் பகுதியில் ஆசிரியையைவிட அதிகம் தெரிந்தவர்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். மீன் விற்கும் வீட்டுப் பெண் ஒருத்தி கையை நீட்டி, "மிஸ், செவுளைத் தூக்கிப் பாருங்க, நல்லா செவப்பா இருந்தாத்தான் புது மீனு" என்பாள். "அப்படியா? எனக்குத் தெரியாதேம்மா, எல்லாருக்கும் நீயே தூக்கிக் காட்டு" என்று அவளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தாளில் பெயரைத் தவிர வேறெதையும் எழுதத் தயங்கும் அந்தக் குழந்தை, அன்றைக்கு வகுப்பின் ஆசிரியையாக நிற்பாள்.

பிறகு வரைதல். தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மீன் நிரம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி வேண்டாம். முதலில் வருவது எல்லோருக்கும் தெரிந்த மீன்தான்: இலை வடிவ உடம்பு, முக்கோண வால், ஒரு புள்ளிக் கண். அதை அழிக்கச் சொல்லாமல், "வால் தொடங்கும் இடத்தை மட்டும் ஒருதடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வா" என்று தட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்த குழந்தை, தாளின் பின்பக்கத்தில் வேறொரு மீனைத் தொடங்கும். அந்த இரண்டாவது மீனில்தான் பாடம் இருக்கிறது. இரண்டையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் பாடவேளையில் மெழுகு வண்ணம். சங்கராவின் நிறம் பெட்டியில் உள்ள எந்த ஒரு குச்சியிலும் கிடைக்காது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். வெள்ளையை அழுத்திப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பு, வயிற்றுப் பக்கம் மிக லேசாக மஞ்சள் என்று அடுக்கடுக்காகப் போட வைக்கலாம். கடைசியில் மிகவும் நீர்த்த நீலப் போஸ்டர் வண்ணத்தை முழுத் தாளிலும் பூசினால், மெழுகின்மேல் ஒட்டாமல் நீர் வழிந்து, மீனைச் சுற்றிக் கடல் மட்டும் நிற்கும். வகுப்பில் எழும் சத்தத்துக்குப் பக்கத்து அறை ஆசிரியையிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைப்பது நல்லது.

நேரம் மிச்சமிருந்தால், ஒரு மீனின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணத்தை மெல்லப் பூசி, மெல்லிய தாளை வைத்து விரலால் அழுத்தி எடுத்து, செதில் செதிலாக அச்சு விழுவதைக் காட்டலாம். வண்ணம் பட்ட மீனையும், இரண்டு பாடவேளையாகத் தட்டில் கிடந்த மற்ற மீன்களையும் சமையலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை பள்ளி வாசல் பூனைகளுக்குப் போகட்டும்.

ஆண்டுத் திட்டம்

பாடத்திட்டத்தைப் பருவநிலைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். ஜூனிலும் ஜூலையிலும் கோடுகள். சுவருக்குச் சுவர் கேரம் ஆடும் ஊர் இது. ஒரு கேரம் பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால், சதுரம், நடுவட்டம், நான்கு பக்க இரட்டைக் கோடுகள், மூலைகளில் உள்ள அம்புகள் என்று அளவுகோலும் காம்பஸும் எடுப்பதற்கு முன்பே வடிவியல் வந்துவிடும். பலகையைப் பார்க்காமல் முதலில் நினைவிலிருந்து வரையச் சொல்லி, பிறகு பார்த்து ஒப்பிடச் சொல்வது இன்னும் சுவையானது. தினமும் ஆடும் பையனுக்குக்கூட அம்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் விநாயகர் சதுர்த்தியையும் நவராத்திரியையும் ஒட்டிக் கொசப்பேட்டையில் வேலை மும்முரமாக இருக்கும். களிமண் வேலையை அந்த மாதங்களில் வைத்தால், குழந்தைகள் வகுப்பில் செய்வதையே தெருவிலும் பார்ப்பார்கள். ஆனால் விற்பனை உச்சத்தில் இருக்கும் நாட்களில் மண் கேட்டுப் போய் நிற்காமல், ஜூலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கைக்கு அடங்கும் அளவுக்குச் சிறியதாகவும் தடித்ததாகவும் செய்யச் சொல்ல வேண்டும். மெல்லிய கைகால்கள் காயும்போது ஒடிந்துவிடும்; சுட வசதியில்லாத நிலையில் அதற்கு மாற்று இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் இருப்பதால் வண்ணம் காயாது, அடுக்கி வைத்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மழை விடுமுறையால் இரட்டைப் பாடவேளைகள் பாதியில் நிற்கும். இந்த மாதங்களில் கிழித்து ஒட்டுதல், காகித மடிப்பு, பழைய செய்தித்தாள் ஒட்டுப்படம் ஆகியவை போதும். வெள்ளம் வந்த ஆண்டுகளில் குழந்தைகள் தாமாகவே தண்ணீரை வரைவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்த குழந்தைக்கு ஆறு கறுப்பாகத்தான் வரும். அதைத் தலைப்பாகக் கொடுத்து வரையச் சொல்லவும் கூடாது. தானாக வந்தால் தடுக்கவும் கூடாது. வானத்தைச் சாம்பல் நிறத்தில் தீட்டும் மணலிக் குழந்தையிடம் "வானம் நீலம்தானே?" என்று கேட்பதற்கு முன், ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

மார்கழியும் தையும் கோலத்துக்கு உரியவை. மூன்றாம் வகுப்புக்கு மூன்று வரிசை நேர்ப்புள்ளி, ஐந்தாம் வகுப்புக்கு இடைப்புள்ளிச் சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றிச் சென்ற கோடு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் கவனம், சமச்சீர், பொறுமை எல்லாம் அடங்கிவிடுகின்றன. பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் தொடங்கி, பிறகு கோலமாவுக்குப் போகலாம். ஆண் குழந்தைகளையும் கட்டாயம் போட வைக்க வேண்டும். முதல் நாள் கேலி இருக்கும், இரண்டாம் நாள் யார் கோலம் பெரியது என்ற போட்டிதான் இருக்கும். கோலம் போடத் தெரிந்த பாட்டி ஒருவரை அழைத்து உட்கார வைத்தால் ஆசிரியைக்கே நிறையக் கற்றுக்கொள்ளக் கிடைக்கும்.

வண்ணம் கலக்கும் பெரிய வேலைகளைப் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம். வெயில் இருக்கும், வெக்கை இன்னும் ஏறியிராது. துணி உலர்த்தும் கொடியை அறைக்குள் கட்டி, கிளிப் போட்டு மாட்டினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

படத்தைப் பார்த்து என்ன சொல்வது?

"சூப்பர்", "வெரி குட்" ஆகியவற்றை வைத்துக்கொண்டு நாற்பது தாள்களையும் கடந்துவிடலாம். ஆனால் இரண்டாவது வாரமே அவற்றின் மதிப்புப் போய்விடும். கண்ணில் பட்டதைச் சொல்வது மேல். "படகுக்கு இரண்டு நீலம் போட்டிருக்கிறாயே, நிழல் பக்கம் எது?" "பதிவு எண்ணைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய்." "இந்த ஆள் ஏன் தனியாக நிற்கிறார்?" இப்படிக் கேட்டால் குழந்தை பேசும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை, தமிழ் இன்னும் பிடிபடாமல் மற்றப் பாடவேளைகளில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். படத்தைக் காட்டிக் கேட்கும்போது சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவருவதைப் பார்க்கலாம். குழந்தையின் தாளில் ஆசிரியை தன் பென்சிலை வைத்துத் திருத்தக் கூடாது. காட்ட வேண்டியிருந்தால் வேறொரு துண்டுத் தாளில் காட்ட வேண்டும்.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைக் கோப்பு வைத்து, படத்தின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதிச் சேர்த்து வர வேண்டும். ஜூன் மாத மனிதனையும் மார்ச் மாத மனிதனையும் பக்கத்தில் வைத்தால், முன்னேற்றத்தைத் தனியாக விளக்க வேண்டியிராது.

போட்டிகளைப் பொறுத்தவரை, பள்ளிக் கல்வித் துறை 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா போன்றவற்றில் விரும்பும் குழந்தைகளைச் சேர்க்கலாம். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்ற தலைப்புகளில் வீட்டில் வரைந்து கொண்டுவரச் சொல்லும் போட்டிகளில் பெரும்பாலும் அண்ணன்மாரின் திறமைதான் வெற்றி பெறுகிறது. அவற்றுக்காக வகுப்பு நேரத்தைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளியே அழைத்துச் செல்லுதல்

ஐந்தாம் வகுப்பை மட்டும், பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலோடும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் சிலரின் துணையோடும் ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே அழைத்துச் செல்லலாம். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு, முகப்பின் தூண்களை எண்ண வைத்து, இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொன்னால் போதும். முழுக் கட்டடத்தையும் வரையச் சொன்னால் எல்லோரும் பாதியில் விட்டுவிடுவார்கள். நிலைய அதிகாரியிடம் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மட்டும் போய், ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிலையின் ஒரே ஒரு கையை வரைந்துவிட்டுத் திரும்பலாம். எல்லாக் கூடங்களையும் சுற்றிக் காட்டினால் குழந்தைகளுக்கு நினைவிருப்பது கால்வலி மட்டுமே. போகும் வழியில், பெரியமேட்டில் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஓவியம், சிற்பம் போன்ற கலைகளை மட்டுமே படிக்க ஒரு கல்லூரி உண்டு, அதுவும் தங்கள் ஊருக்கு இவ்வளவு அருகில் உண்டு என்பது பல குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

கண்காட்சி

ஆண்டு இறுதிக் கண்காட்சியைப் பகல் வேளையில் வைத்தால், துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் மார்க்கெட்டுக்கும் வேலைக்குப் போகும் பெற்றோர் வர முடியாது. மாலை ஐந்து முதல் ஏழு வரை வைக்க வேண்டும். மீனவக் குடும்பங்கள் மிகுந்த பள்ளிகளில் தேதியையும் யோசிக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். ஆண்டுத் தேர்வும் ஏப்ரலில்தான் முடிகிறது என்பதால், தடை தொடங்கிய பின், கோடை விடுமுறைக்கு முன் கிடைக்கும் ஒரு மாலையைப் பிடித்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் பள்ளிப் பக்கம் வர வாய்ப்பில்லாத தந்தைகளும் வருவார்கள்.

சிறந்த படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டக் கூடாது. குழந்தைக்கு ஒரு படம் என்று எல்லோருடையதும் இருக்க வேண்டும். எது என்பதை அந்தக் குழந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர்களின் கண்மட்டத்தில் அல்லாமல், குழந்தைகளின் உயரத்தில் கயிறு கட்டி மாட்ட வேண்டும். படத்தின் கீழ் வகுப்பு, பெயர் ஆகியவற்றோடு, படத்தைப் பற்றிக் குழந்தை சொன்ன ஒரு வரியை அதன் பேச்சுமொழியிலேயே எழுதி வைக்கலாம். முடிந்த மறுநாள், கோப்புகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படத்தை மட்டும் எடுத்து, குழந்தையிடம் கேட்டுவிட்டு, அடுத்த வகுப்பின் ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஜூன் மாதம் புதிய ஆசிரியை அந்தக் குழந்தையிடம் முதலில் பேசத் தொடங்குவதற்கு அது பயன்படும்.